மே மாதத்தில் பனி எங்கே கிடைக்கும்?

இந்த இதழில் கூட்டு, பொரியல், கைவைத்தியம் எதுவும் இல்லை. பனியைப் பற்றிப் பேசப் போகிறேன். "ஸ்ரீபெரும்புதூரில் உட்கார்ந்துகொண்டு பனியா! வெயிலில் தலை சுற்றிவிட்டதோ?" என்று சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் நாலு பெண்கள் கூடினால் இப்போது இதுதான் பேச்சு. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம், வல்லம் வரை வீட்டுக்கு ஒருவராவது கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். சில வீடுகளில் மாமியாரைத் தவிர எல்லோருமே போகிறார்கள். சீட்டுப் போட்டு நாலு காசு சேர்ந்ததும், "ஒரே ஒரு தடவை பிள்ளைங்களுக்கு ஸ்னோ காட்டணும்" என்று ஆசை வருகிறது. நம் ஊர்த் தொழிற்சாலையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு வண்டி ஒன்றுக்கு 'ஹிமாலயன்' என்றே பெயர் வைத்து 2016-இலிருந்து விற்கிறார்கள். வண்டி போகிற இடத்துக்கு நாம் போகக் கூடாதா என்ன?

ஆசை நியாயம்தான். சங்கடமெல்லாம் லீவில் இருக்கிறது. வடக்கே பனி நன்றாகக் கொட்டுவது டிசம்பர் கடைசி முதல் மார்ச் நடு வரை. அப்போது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பரீட்சை. அதெல்லாம் முடிய ஏப்ரல் கடைசி ஆகிவிடும். கம்பெனிகளிலும் மெஷின் பராமரிப்புக்காக ஒரு வாரம் மூடுகிற வழக்கம் உண்டு. அது மே மாதத்தில் வந்தால் கணவன், மனைவி இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும். ஆக, நாம் பந்தியில் கடைசி வரிசை! கடைசிப் பந்திக்கும் பாயசம் மிச்சம் இருக்கிற வீடு எது என்று விசாரித்துக்கொண்டு போனால்தான் வயிறு நிறையும்.

எந்தப் பனியைச் சொல்கிறேன்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். மார்கழி விடியலில் நம் மொட்டை மாடியை நனைப்பதும் பனி. ஜனவரிக் காலையில் ஊட்டிப் புல்வெளியில் உப்புத் தூவினாற்போல் வெளுத்துக் கிடப்பதும் பனி. முதலாவது வெறும் ஈரம், இரண்டாவது உறைபனி. வானத்திலிருந்து பஞ்சாக விழுந்து முழங்கால் உயரத்துக்குக் குவிகிறதே, அது வேறு. அதற்கு நம் மலைகளின் உயரம் போதாது.

சுலபமான கணக்கு ஒன்று சொல்கிறேன், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி வெப்பம் குறையும். தமிழ்நாட்டிலேயே பெரிய சிகரங்களில் ஒன்றான தொட்டபெட்டா 8,650 அடி. நம் ஊரில் 40 டிகிரி கொளுத்தும்போது அங்கே ஏறத்தாழ 23 டிகிரி. ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இமயமலைக்குப் பனியைக் கொண்டுவருவது நமக்கு ஐப்பசி மழை தருகிற காற்று அல்ல. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் குளிர்காலத்தில் வந்து சேரும் காற்றுச் சுழற்சிகள். 'மேற்கத்திய இடையூறுகள்' என்று வானிலை அறிக்கையில் சொல்வார்கள். அவை வராமல் போனாலோ, தாமதித்தாலோ கதை மாறிவிடும். 2023 பிப்ரவரியில் உத்தராகண்டின் ஆலியில் நடக்கவிருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுகள் பனி இல்லாமல் ரத்தாயின. 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் பனியே இல்லை. வெறும் பழுப்புப் புல்வெளியைப் படம் பிடித்துப் பத்திரிகைகளில் போட்டார்கள். 2025 பிப்ரவரியில் அதே குல்மார்க்கில் நடக்க வேண்டிய 'கேலோ இந்தியா' குளிர்காலப் போட்டிகள் பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில்தான் நடந்தன. அவ்வளவு ஏன்? 2022-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸே ஏறக்குறைய முழுக்க மெஷினில் செய்த பனியில்தான் நடந்தது.

உச்சக் குளிர்காலத்திலேயே இந்தக் கதி என்றால், மே மாதத்துக்கு "ஸ்னோ கேரண்டி" என்று நோட்டீஸ் அடிக்கிறவர்களை என்னவென்று சொல்வது! அந்த நோட்டீஸைப் பார்த்து அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்.

மூன்று கேள்விகள்

ஒன்று: எத்தனை அடி? ஊர்ப் பெயர் முக்கியமில்லை, உயரம்தான் முக்கியம். மே மாதத்தில் புதிதாகப் பனி விழும் என்று நம்பிப் போகக் கூடாது. குளிர்காலத்தில் விழுந்து குவிந்து இன்னும் கரையாமல் இருக்கிற பழைய பனியைத்தான் நாம் பார்க்கப் போகிறோம். அது 12,000, 13,000 அடிக்கு மேலேதான் கொஞ்சம் நம்பகமாக நிற்கும். பத்தாயிரம் அடியில் ஓடைப் பள்ளங்களிலும் நிழல் விழும் சரிவுகளிலும் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். எட்டாயிரம் அடியில் பச்சைப் புல்தான். அதிலும் வடக்குப் பார்த்த சரிவில் வெயில் குறைவு என்பதால் பனி அதிக நாள் தாங்கும்.

இரண்டு: போன வருஷம் இதே வாரத்தில் எப்படி இருந்தது? டூர்க்காரரிடம், "போன மே மாதம், இதே தேதியில், இதே இடத்தில் எடுத்த போட்டோ காட்டுங்க" என்று கேளுங்கள். ஜனவரிப் படத்தைக் காட்டி மே மாத டிக்கெட் விற்பது ரொம்பச் சுலபம். மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

மூன்று: ராத்திரி எங்கே படுக்கிறோம்? இதை யாரும் கேட்பதே இல்லை. எனக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று படுகிறது. பனி நிச்சயமாக இருக்கிற உயரமும், நம் உடம்பு தடுமாறுகிற உயரமும் ஏறத்தாழ ஒன்றே. 13,000 அடியில் இழுக்கிற ஒரு மூச்சில், நம் ஊரில் கிடைக்கும் பிராணவாயுவில் ஐந்தில் மூன்று பங்குதான் கிடைக்கும். கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நாம் அங்கே போய் இரவு தங்கினால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று லீவு முழுக்க ரூமுக்குள்ளேயே கழிந்துவிடும். ஆகவே, பனி மேலே இருக்கட்டும். நம் படுக்கை கீழே இருக்கட்டும். காலையில் ஏறி, இரண்டு மணி நேரம் இருந்து, வெயில் சாய்வதற்குள் இறங்கி வருகிற வசதி உள்ள ஊர்தான் நமக்குச் சரியான ஊர்.

இந்த உரைகல்லில் உரசிப் பார்ப்போம்

ஆலி: 8,200 அடியிலிருந்து 10,000 அடி வரை. அழகான பனிச்சறுக்குச் சரிவு. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம். ஆனால் ஜனவரி, பிப்ரவரிக்கு உரியது. மே மாதத்தில் நந்தாதேவி சிகரத்தைத் தூரத்தில் பார்த்து மகிழலாம். காலடியில் பனி எதிர்பார்க்காதீர்கள்.

சோலாங்: மணாலிக்குப் பக்கத்தில், சுமார் 8,400 அடி. இதுவும் குளிர்கால இடமே. மே மாதத்தில் பாராசூட், குதிரை எல்லாம் உண்டு, பனி இராது.

குல்மார்க்: ஊர் 8,700 அடி. மே மாதத்தில் ஊரில் பூவும் புல்லும்தான். ஆனால் அங்கே 'கண்டோலா' என்ற கம்பி வண்டி இருக்கிறது. முதல் கட்டம் 1998-இலும் இரண்டாம் கட்டம் 2005-இலும் திறந்தார்கள். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 13,000 அடிக்குக் கொண்டுபோய் விடும். மே மாதத்திலும் அங்கே பனி நிற்பது வழக்கம். 5,200 அடியில் உள்ள ஸ்ரீநகரிலோ, குல்மார்க்கிலோ படுத்துக்கொண்டு பகலில் போய் வரலாம். டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். காற்று பலமாக அடித்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்காக ஒரு நாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து கட்ரா வரை நேர் ரயில் இருக்கிறது. 2025 ஜூனில் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயிலும் வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமில் நடந்த கொடுமைக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்களை மூடினார்கள். ஆகவே புறப்படும் வாரத்தில் நிலைமையை விசாரியுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மணாலி, ரோதாங்: மணாலி 6,700 அடி, ரோதாங் கணவாய் 13,050 அடி. கீழே படுக்கை, மேலே பனி என்ற விதிக்கு அப்படியே பொருந்துகிறது. குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும் கணவாய்ச் சாலையை எல்லைச் சாலை அமைப்பினர் மெஷின் வைத்து வெட்டித் திறப்பார்கள். இரு பக்கமும் சுவர் மாதிரிப் பனி நிற்கும். ஆனால் திறக்கும் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். மே மாதத்தில் உச்சி வரை விடுவார்கள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி ஒரு நாளைக்கு 1,200 சுற்றுலா வண்டிகளுக்குத்தான் அனுமதி. செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காக மூடுவார்கள். உச்சி திறக்காவிட்டால் வழியில் உள்ள மர்ஹி வரைக்குமாவது விடுகிறார்களா என்று பாருங்கள். அது சுமார் 11,000 அடி.

சிக்கிம்: காங்டாக் 5,400 அடி. அங்கிருந்து ஒரே நாளில் நாதுலா கணவாய்க்குப் போய்வரலாம்; 14,140 அடி. திங்கள், செவ்வாய் கிடையாது. அனுமதிச் சீட்டு வேண்டும். பதிவுபெற்ற டூர்க்காரர் மூலம்தான் வாங்க முடியும். அடையாள அட்டை, போட்டோ மறக்காதீர்கள். வடக்கே லாச்சுங் வழியாகப் போகிற 'ஜீரோ பாயிண்ட்' 15,000 அடிக்கு மேல். பனி இருக்கும், ஆனால் உயரம் மிக அதிகம். 2023 அக்டோபரில் தீஸ்தா வெள்ளம் அந்தப் பக்கத்துச் சாலைகளையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போன பிறகு அந்த வழி அடிக்கடி தடைப்படுகிறது. நாள் குறைவாக உள்ளவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆக, மே மாதத்துக்கு என் அபிப்பிராயம்: முதலில் குல்மார்க் அல்லது மணாலி, அடுத்து நாதுலா. இதில் எது என்பதைத் தீர்மானிப்பது பனி அல்ல. உங்களோடு யார் வருகிறார்கள் என்பதுதான்.

மாமியாரை விட்டுவிட்டா?

எங்கள் காம்பவுண்டில் மாடி வீட்டில் ஒரு பெண். திருவண்ணாமலைப் பக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. கணவருக்கு வேறொரு கம்பெனியில் ஷிப்ட். இருபது மாதச் சீட்டுக் கட்டி எடுத்த பணம் அவளுடையது. எட்டாவது படிக்கும் மகள். அறுபத்தாறு வயது மாமியாருக்கு ரத்த அழுத்தம்; இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

ஒரு டூர்க்காரர், "எல்லாரையும் ரோதாங் கூட்டிட்டுப் போறோம், பாட்டிக்கு ஆக்ஸிஜன் டப்பா குடுத்துடறோம், ஒண்ணும் ஆகாது" என்றாராம். கணவரோ, "அம்மாவை ஊர்ல தங்கச்சி வீட்டுல விட்டுடலாம்" என்றார். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து என்னிடம் மட்டும், "சினிமாவுல காட்டுறாங்களே, அத ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டாப் போதும்மா. இனிமே எனக்கு எப்ப?" என்றார்.

"அக்கா, நான் என்ன பண்றது?" என்று அவள் கேட்டபோது, "முதல்ல இதய டாக்டரைப் போய்ப் பாருங்கம்மா. 'போகலாமா'ன்னு மட்டும் கேக்காதீங்க. 'எத்தனை அடி வரைக்கும் போகலாம்'னு கேளுங்க" என்றேன். பரிசோதனை செய்து பார்த்த டாக்டர், "13,000 அடி வேண்டாம். பத்தாயிரம் அடி வரை பகலில் கொஞ்ச நேரம் போய் வரலாம். அதற்கு முன் இரண்டு நாள் மணாலியில் ஓய்வு. நடந்து மேடு ஏறக் கூடாது. நெஞ்சு அடைத்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே திரும்ப வேண்டும்" என்றாராம். (இது அந்த அம்மாளுக்குச் சொன்னது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

பத்தாயிரம் அடியில், மே மாதத்தில், பனி எங்கே? அங்கேதான் அடல் சுரங்கம் கைகொடுத்தது. 2020 அக்டோபர் 3-இல் திறந்த இந்தச் சுரங்கச் சாலை 9 கிலோமீட்டர் நீளம். ரோதாங் மலையை ஏறிக் கடக்காமல், அதன் வயிற்றைத் துளைத்துக்கொண்டு லாஹுல் பள்ளத்தாக்குக்குப் போகிறது. சுரங்க வாயில் சுமார் 10,000 அடி. வெளியே வந்து கோக்சர் பக்கம் போனால், குளிர்காலத்தில் மலையிலிருந்து சரிந்து ஓடைகளில் அடைத்துக்கொண்ட பனி மே மாதத்திலும் சாலையோரத்திலேயே கிடப்பதுண்டு. ஏற்றம் இல்லை, நடை இல்லை. காரை விட்டு இறங்கினால் பனி.

இன்னும் ஒரு முடிச்சு இருந்தது. மேலே ரோதாங் சாலையில் பெரிய பனி பார்க்கப் போகும் நாளில் மாமியாரோடு ஹோட்டலில் யார் இருப்பது? கேட்பானேன்! மருமகள்தான் என்று எல்லோரும் பேசாமலே முடிவு செய்துவிட்டார்கள், அவளும் தலையாட்டிவிட்டாள். "சீட்டுக் கட்டினது யாரும்மா?" என்று நான் கேட்டதற்குச் சிரித்து மழுப்பினாள். கடைசியில் பேசியது மாமியார்தான். "நீ பொண்ண கூட்டிக்கிட்டு போயிட்டு வா. என் புள்ள எங்கூட இருக்கட்டும். அவன் பாக்காத குளிரா? கம்பெனியில ஏசியிலதான நிக்கிறான்" என்று சொல்லிவிட்டாராம்.

போய் வந்தார்கள். மூன்றாம் நாள் எல்லோருமாகக் கோக்சர். ஓடைச் சரிவில் பழைய பனி, மேலே மண் படிந்து, உள்ளே வெள்ளையாக. அந்த அம்மாள் கையில் அள்ளிப் பார்த்து, "அரிசி மாவாட்டம் இருக்கும்னு நெனச்சேன், கல்லுப்பாட்டம் இருக்குதே!" என்றாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், வசந்த காலத்துப் பழைய பனி பகலில் இளகி, ராத்திரி உறைந்து, அப்படித்தான் குருணையாகிவிடும். இருபது நிமிஷம் நின்றுவிட்டுக் காருக்கு வந்துவிட்டார். மறுநாள் அம்மாவும் மகளும் ரோதாங் சாலையில் போனார்கள். உச்சி திறக்கவில்லை. மர்ஹிக்கு மேல் விட்ட தூரம் வரை போய், வாடகைக் கோட்டும் பூட்ஸுமாகப் பனியில் விழுந்து புரண்டுவிட்டு வந்தார்களாம். "உச்சிக்குப் போகலையேன்னு வருத்தமா?" என்றேன். "எதுக்குக்கா? எங்க ரெண்டு பேரையும் யாரும் 'நேரமாச்சு, வா'ன்னு கூப்பிடல. அதுவே போதும்" என்றாள்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

எட்டாயிரம் அடிக்கு மேல் யாருக்கு வேண்டுமானாலும் மலை மயக்கம் வரலாம். நல்ல உடம்பு, இள வயது என்பதெல்லாம் காப்பு ஆகாது. ஏறிய ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைவலி, குமட்டல், அசதி தெரியும். மேற்கொண்டு ஏறாமல் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் விடாவிட்டாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்கவே கூடாது. உடனே கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டப்பா ஆக்ஸிஜன் சில நிமிஷத்துக்குத்தான். இறங்குவதற்கு அது ஈடாகாது. கைக்குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாமல் அழுது, பால் குடிக்க மறுத்தால் இறக்கிவிடுங்கள்.

வழியில் சிலர் கற்பூரத்தைக் கொடுத்து முகரச் சொல்வார்கள். மலை மயக்கத்துக்கு அது மருந்தல்ல. சின்னக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பு வரைக்கும் போய்விடும், ஜாக்கிரதை! மலை மயக்க மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுக்காமல் போடாதீர்கள். கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது.

பெண்களுக்கு முக்கியமான ஒன்று, ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? பிராணவாயுவைச் சுமப்பது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அது குறைவாக இருந்தால் மலையில் மூச்சிரைப்பு இன்னும் அதிகமாகத் தெரியும். பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் நல்லதுதான். குறைவு அதிகமானால் டாக்டர் தரும் இரும்புச்சத்து மாத்திரை அவசியம்.

பெட்டியில் என்ன வைக்கலாம்?

கனமான கோட்டும் ரப்பர் பூட்ஸும் பனிக்குப் போகிற வழியில் வாடகைக்குக் கிடைக்கும். காசு போட்டு வாங்காதீர்கள். காலுறை மட்டும் கம்பளியில் ஆளுக்கு மூன்று ஜோடி உங்களுடையதாக இருக்கட்டும். பலர் போட்ட பூட்ஸில் வெறும் காலை விட வேண்டாம். ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட, மெல்லியதாக மூன்று அடுக்கு கதகதப்பாக இருக்கும். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு குளிரெடுக்கும். புடவைத் தலைப்பும் கரையும் பனியில் நனைந்து கனத்துவிடும். அன்று ஒரு நாள் சுடிதாரோ பேன்ட்டோ போட்டுக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கறுப்புக் கண்ணாடி அவசியம். புதுப் பனி வெயிலின் புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண் சிவந்து, மணல் விழுந்தாற்போல் உறுத்தி, ராத்திரி முழுக்கத் தூங்க விடாது. முகத்துக்கு சன்ஸ்கிரீன், உதட்டுக்கு வாசலின். தலைக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டு போனால் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும். வாயகன்ற டப்பாவில் கொண்டு போங்கள். தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். பிளாஸ்கில் சுக்குக் காபி இருந்தால் அதைவிட சுகம் வேறில்லை.

சறுக்கப் பழக வேண்டுமா?

மே மாதத்தில் பனி பார்க்கலாம், தொடலாம், விழலாம். முறையாகப் பனிச்சறுக்குப் பழக அது காலம் அல்ல. உங்கள் பெண் கல்லூரி முடித்து ஒரு குளிர்காலம் கையில் வைத்திருந்தால், மணாலியில் உள்ள மலையேற்றப் பயிற்சி நிலையத்திலும், குல்மார்க்கில் மத்திய சுற்றுலாத் துறையின் பயிற்சி நிலையத்திலும் குளிர்கால வகுப்புகளை விசாரியுங்கள். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்பவர்களிடம் ஆஞ்சல் தாகூரைச் சொல்லுங்கள். மணாலிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். 2018 ஜனவரியில் துருக்கியில் வெண்கலம் வென்றார். சர்வதேசப் பனிச்சறுக்கில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். "அது மலைக்காரப் பெண்" என்று அதற்கும் பதில் வந்தால், தேசியப் போட்டிகளில் பதக்கங்கள் வாங்கிய பவானி தேக்கடா நஞ்சுண்டாவைச் சொல்லுங்கள். அவர் நமக்குப் பக்கத்திலே, கர்நாடகத்தின் குடகைச் சேர்ந்தவர்.

அடுத்த மே மாதத்துக்கு யோசிக்கிறவர்கள் இப்போதே ஒரு தாளில் மூன்று வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பனி எத்தனை அடியில், படுக்கை எத்தனை அடியில், யார் யார் எது வரைக்கும். டூர்க்காரர் முன்னால் அந்தத் தாளோடு போய் உட்காருங்கள். போய் வந்தவர்கள் எந்தத் தேதியில் எங்கே எவ்வளவு பனி இருந்தது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். மற்றச் சகோதரிகளுக்கு உதவும்.

அடுத்த இதழில் வெயிலுக்கு இதமான மோர்க்களி, வெந்தயக்களி. வரட்டுமா?